கிறிஸ்துமஸ் கிஃப்ட்டுக்கு கை குடுத்த எல்லாருக்கும் மதுரையில இருந்து ஒரு நன்றி மடல்

அன்பான அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பி தங்கச்சிகளா எல்லாருக்கும் வணக்கம். எல்லாருக்கும் தனித்தனியா போன் போட்டு சொல்லணும்னுதான் நெனச்சேன், ஆனா பாதிப் பேரு பேரே சொல்லாம குடுத்துட்டுப் போயிட்டீங்க, அதனால இங்கயே பொதுவா எழுதிர்றேன். நீங்க குடுத்தது அத்தனையும் குழந்தைகள் இல்லத்துப் புள்ளைகளுக்குப் போய்ச் சேந்துருச்சு.

எந்த இல்லம்னு நான் எழுதல. சிறார் நீதிச் சட்டம் 2015ல 74வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, பாதுகாப்புல இருக்குற புள்ளைகளோட பேரு, படம், எந்த இடம்னு காட்டிக் குடுக்குற எந்த விவரத்தையும் வெளிய விடக்கூடாதுன்னு அதுல தெளிவா இருக்கு. அதுக்காகத்தான் போட்டோ வேணாம், பேனர் வேணாம், மேடை வேணாம்னு மொதல்லயே சொன்னோம். அத சொன்னதும் ஒரு வார்த்தை எதுத்துப் பேசாம சரிங்கன்னு ஒத்துக்கிட்டீங்க பாருங்க, மொத நன்றி அதுக்குத்தான். சட்டத்த விடுங்க, ஒரு சட்டைய வாங்கிக்கிறதுக்கு கேமரா முன்னாடி வரிசையில நின்னு சிரிக்கணும்னா அந்தப் புள்ள மனசு என்னா பாடுபடும். இந்தத் தடவ கிஃப்ட்ட குடுத்தது வார்டன் அக்காவும் அங்க சமைக்கிற அம்மாவும்தான், தினமும் சோறு போடுற கையிலயே வாங்குனாய்ங்க. நாங்க யாரும் உள்ளயே போகல.

சீட்டு எடுத்தவுங்களுக்கு அடுத்த நன்றி. சர்ச்சுல பூசை முடிஞ்சு வெளிய வாறப்ப ஸ்டார் பக்கத்துல கட்டி வச்சிருந்த சீட்டுல பேரு இருக்காது, வயசு, அளவு, புள்ள கேட்ட ஒரு சாமான், அவ்வளவுதான், எடுத்தவுங்க அத வாங்கித் தரணும். பொதுவா என்ன நடக்கும்னா சின்னப் புள்ளைக சீட்டு மட்டும் ஒடனே போயிரும், பொம்மை வாங்கிக் குடுக்க எல்லாருக்கும் ஆசை, பதினாலு பதினஞ்சு வயசுப் பயலுக சீட்டு தொங்கிக்கிட்டே கெடக்கும். இந்த வருசம் அப்படி ஆகல. ஷட்டில் பேட், பெல்ட்டு, வாட்ச், ஜாமெட்ரி பாக்ஸ்னு கேட்டது கேட்டபடி வந்துச்சு. வயசுக்கு வந்த பொம்பளப் புள்ளைகளுக்கு உள்ளாடை, நாப்கின் எல்லாம் அளவு பாத்து, நல்ல துணியா, ஒவ்வொரு புள்ளைக்கும் தனிப் பையில போட்டுக் குடுத்த செல்லூர் அக்கா, அத யாரும் கேக்கக் கூச்சப்படுவாங்க, கேக்காமலே புரிஞ்சு செஞ்சீங்க, ரொம்ப ரொம்ப நன்றிக்கா.

ஒரு சீட்ட மட்டும் சொல்லியே ஆகணும். பன்னெண்டு வயசுப் பையன், கேட்டது ஒரு பூட்டும் சாவியும். அதப் பாத்துட்டு நாங்களே கொஞ்ச நேரம் பேசாம உக்காந்துட்டோம். இல்லத்துல எல்லாமே பொது, பாயி பொது, பேட்டு பொது, போன வருசம் ஒருத்தன் போட்ட சட்டை இந்த வருசம் இன்னொருத்தனுக்கு. தனக்குன்னு ஒண்ணு பூட்டி வைக்கணும்னு அந்தப் பயலுக்குத் தோணிருக்கு. அந்தச் சீட்ட எடுத்தவர் ஒரு ரிட்டயர்டு வாத்தியாரு, கீழமாசி வீதிப் பக்கம் போயி பூட்டு மட்டும் வாங்கல, ஒரு தகர ட்ரங்க் பெட்டியும் சேத்து வாங்கி, மூடி மேல பெயிண்ட்ல பேரெழுத இடம் விட்டு, சின்ன டப்பா பெயிண்ட்டும் பிரஷ்ஷும் உள்ள வச்சு அனுப்புனாரு. பேர அவனே எழுதிக்கட்டும்னாரு. ஐயா, உங்கள மாதிரி ஒரு வாத்தியார்ட்ட படிச்ச புள்ளைக குடுத்து வச்சதுக. பையன் பெட்டிய கட்டிலுக்கு அடியில வச்சு சாவிய கழுத்துல கயிறு கட்டிப் போட்டுருக்கான்னு வார்டன் அக்கா போன்ல சொன்னாங்க.

துணி எடுத்தது விளக்குத்தூண்ல. ரெடிமேட் கடை பாய் மொத்த விலைக்கே பில் போட்டாரு, அளவு சேரலன்னா கிறிஸ்துமஸ் முடிஞ்சும் மாத்திக்கங்கன்னாரு, சொன்ன மாதிரியே மாத்தியும் குடுத்தாரு. புதுமண்டபத்துல இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிப் போன டெய்லர் அண்ணன் பாவாடை மடிச்சுத் தச்சது, பேன்ட்டு நீளம் கொறச்சது எதுக்கும் கூலி வாங்கல, அவருக்கு அது சீசன் நேரம் வேற. பொம்மை வாங்குனவுங்க எல்லாரும் ஐஎஸ்ஐ முத்திரை பாத்து வாங்குனீங்க, 2021 ஜனவரில இருந்து நம்ம நாட்டுல அது கட்டாயம்னாலும் ரோட்டோரத்துல முத்திரை இல்லாததும் விக்கத்தான் செய்யுது. பட்டன் பேட்டரி போட்ட பொம்மைய சின்னதுகளுக்கு வேணாம்னு ஒதுக்குன நர்ஸ் தங்கச்சிக்கு தனியா நன்றி, அந்தப் பேட்டரிய முழுங்கிட்டா உள்ள உணவுக்குழாயெல்லாம் பொசுக்கிரும்னு எங்களுக்கு அது வரைக்கும் தெரியாது.

டைமுக்குக் கொண்டு போனது ஆட்டோ அண்ணனாலதான். அரையாண்டுப் பரிட்சை முடிஞ்சதும் சொந்தக்காரவுக இருக்குற புள்ளைகள கூட்டிட்டுப் போயிருவாக, ஊருக்குப் போற புள்ள வெறுங்கையோட போகக்கூடாதுல்ல, அதனால லீவு விடுறதுக்கு முன்னாடியே சாமான் போயாகணும். மழையில தார்ப்பாய் போட்டு மூடி ஒரு பார்சல்கூட நனையாம எறக்கிக் குடுத்தீங்கண்ணே. கூட்டிட்டுப் போக யாரும் வராத புள்ளைகளுக்கு 25ஆம் தேதி மத்தியானம் பிரியாணி ஆக்கிப் போட்ட தெருக்காரவுகளுக்கும், கேக் நெறையா வந்துரும், பழமா குடுக்குறோம்னு யோசிச்சு கூடை கூடையா கொய்யாவும் வாழைப்பழமும் அனுப்புன பழக்கடைக்காரவுகளுக்கும் நன்றி. உங்கள்ல பாதிப் பேரு கிறிஸ்துமஸ் கொண்டாடுறவுகளே இல்ல, அது எனக்கு நல்லாவே தெரியும்.

கணக்கு: பில் எல்லாம் ஒரே ஃபைல்ல போட்டு சர்ச்சோட பங்கு ஆபீஸ்ல வச்சிருக்கோம், யார் வேணாலும் வந்து பாக்கலாம். மீதிப் பணம் கொஞ்சம் இருக்கு. ரெண்டு புள்ளைகளுக்கு போர்டுல எழுதுறது கண்ணுக்குத் தெரியலன்னு வார்டன் அக்கா சொன்னாங்க, கண் டெஸ்ட் பண்ணி கண்ணாடி வாங்கிரலாம்னு இருக்கோம். யாருக்காச்சும் அதுல வேற யோசனை இருந்தா பொங்கலுக்குள்ள சொல்லிருங்க.