குளக்கரையில் உட்கார்ந்து வரைய ஒரு வரி அனுமதி வேண்டி

எங்கள் ஊர்ப் பெரிய குளத்தையும் அதன் கரை மண்டபங்களையும் பராமரிக்கும் அலுவலகத்தின் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்ற மாதம் இரண்டாம் ஞாயிறன்று காலை வடகரைப் படிக்கட்டில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்த என் மாணவர்களை உங்கள் காவலர் தடுத்து எழுப்பியது அவரது குறிப்பேட்டில் ஏறியிருக்கும். அதன் பிறகு நான் நேரில் வந்து கொடுத்த இரண்டு மனுக்களும் உங்கள் மேசையில் இருக்கும். ஆகவே முன்கதையை விரிக்கப் போவதில்லை. குறிப்பேட்டில் ஏறியிருக்க வாய்ப்பில்லாத ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

என்னிடம் ஓவியம் பயிலும் ஒன்பது பிள்ளைகளில் ஒருத்தி, பிளஸ் ஒன் படிப்பவள், அப்போது வானத்துக்கு வாஷ், அதாவது நீர்த்த வண்ணத்தைச் சீராகப் பரப்பும் பூச்சு, இழுத்துக்கொண்டிருந்தாள். நீர்வண்ணத்தில் வானம் ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய வேலை. பலகையைச் சற்றே சாய்த்து வைத்து, விளிம்பில் தேங்கி நிற்கும் வண்ண நீரைத் தூரிகையால் வரி வரியாகக் கீழே இறக்கிக்கொண்டே வர வேண்டும். ஒரு வரி காய்வதற்குள் அடுத்த வரி அதைத் தொட்டாக வேண்டும். எங்கள் பக்கத்து வெயிலில் அதற்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். படத்தில் கோபுரக் கலசத்துக்குச் சற்று மேலே வரை அவள் வந்திருந்தபோதுதான் "எழுந்திரு, ஸ்டாண்டை மடக்கு" என்ற குரல் வந்தது. பெரியவர் சொல்கிறாரே என்று எழுந்து நின்றாள். நான் பேசி முடிப்பதற்குள் தாள் காய்ந்து, வானத்தின் குறுக்கே ரம்பப் பல்லைப்போல் ஒரு நீலக் கோடு படிந்துவிட்டது. அதை எடுக்க வழியில்லை. நனைத்துத் தேய்த்தால் தாள் பஞ்சாகப் பிரியும். 300 ஜிஎஸ்எம் என்னும் கனமான தாள், சேர்த்து வைத்த கைக்காசில் அவளே வாங்கியது. அவள் அழவில்லை. தாளைப் பலகையிலிருந்து பிரிக்காமல் அப்படியே பையில் வைத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு வகுப்புக்கு வரவில்லை.

காவலரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அனுமதியின்றிப் படம் எடுக்கத் தடை என்றுதான் கரையில் உள்ள அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. மூன்று கால் கொண்ட எதைப் பார்த்தாலும் அது கேமரா ஸ்டாண்ட் என்று அவர் எண்ணினால் அதில் அவர் பிழை என்ன? வரைபவர்களைப் பற்றி ஒரு வரிகூட அங்கே இல்லாததுதான் பிழை. அந்த ஒரு வரியைத்தான் கேட்கிறேன்: வழியை மறிக்காமல் உட்கார்ந்து கையால் வரைபவர்களுக்குத் தனி அனுமதி தேவையில்லை.

அனுமதி கேட்டுப் பெறலாமே என்பீர்கள். கேட்டேன். உங்கள் அலுவலகத்தில் தரப்பட்டது படப்பிடிப்புக்கான படிவம். கேமராக்கள் எத்தனை, விளக்குகள் எத்தனை, ஜெனரேட்டர் உண்டா, நடிகர்கள் எத்தனை பேர் என்ற கட்டங்களில் எல்லாம் "இல்லை" என்று எழுதினேன். காட்சிச் சுருக்கம் என்ற கட்டத்தில் "குளம்" என்று எழுதினேன். வரையப்போகும் படத்தின் நகலை இணைக்கச் சொன்னார்கள். வரைந்தால்தானே தர முடியும் என்று நான் சொன்னது எடுபடவில்லை. முடிவில் வாய்மொழியாக ஒரு சலுகை கிடைத்தது: காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை வரைந்துகொள்ளலாம். ஐயா, நாங்கள் வரைவது குளத்தை மட்டுமன்று. குளத்தின் மேல் விழும் வெளிச்சத்தை. காலை ஆறரை மணிக்குக் குளத்து நடுவே நிற்கும் நீராழி மண்டபத்தின் நிழல் தண்ணீரில் நீண்டு கிடக்கும். எட்டரைக்குள் அது சுருங்கிப் படிக்கட்டு வெளுத்துவிடும். அலுவலக நேரத்தில் உதிக்கும்படி சூரியனுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

கைப்பேசியில் எடுத்து வீட்டில் வரையலாமே என்றும் அங்கே ஒருவர் சொன்னார். தூணின் அடிப்பக்கத்து நிழலைக் கைப்பேசி கருப்பென்று காட்டும். நேரில் உட்கார்ந்து பார்ப்பவனுக்கு, தண்ணீரிலிருந்து எகிறும் ஒளி பட்டு அந்த நிழலே பச்சையாக அசைவது தெரியும். பிள்ளைகள் கற்க வேண்டிய பாடம் அந்தப் பச்சை. ஓவியர் சில்பி விகடனுக்காக ஊர் ஊராகப் போய்ச் சிற்பங்களுக்கு எதிரே உட்கார்ந்து வரைந்ததும் இதற்காகத்தான். 1792-இல் தென்னாட்டைச் சுற்றி வந்த ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் நேரில் பார்த்துத் தீட்டியதால்தான் தஞ்சைப் பெரிய கோயில் அன்று இருந்த கோலம் இன்று நமக்குத் தெரிகிறது. கும்பினிக் காலத்து வெள்ளைக்காரருக்குக் கிடைத்த இடம் உள்ளூர்ப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் அதே வடகரையில், அதே மாதத்தில், ஒரு கல்யாண ஜோடி வண்ணப் புகைக் குப்பி கொளுத்தி, தலைக்கு மேல் ட்ரோன் சுற்ற, பகல் முழுக்கப் படம் எடுத்தது. காலிக் குப்பிகள் இன்னும் மூன்றாம் படியில் கிடக்கின்றன. குளத்தில் மிதக்கும் பிளாஸ்டிக்கைப் பற்றியும், கோபுரத்தை மறைத்து நிற்கும் விளம்பரத் தட்டியைப் பற்றியும் எழுத ஆரம்பித்தால் மடல் வேறு எங்கோ போய்விடும். மன்னியுங்கள், நான் கேட்க வந்தது அதுவன்று.

கல்லில் கறை படியும் என்ற உங்கள் அச்சம் நியாயமானது. அதனால் எண்ணெய் வண்ணமும் டர்பன்டைனும் கரைக்குக் கொண்டுவர மாட்டோம். தூரிகை கழுவிய தண்ணீரைக் கேனில் அடைத்துத் திரும்ப எடுத்துச் செல்வோம். ஸ்டாண்டுதான் உறுத்துகிறது என்றால் அதையும் விட்டுவிட்டுப் பலகையை மடியில் வைத்துக்கொள்கிறோம். நீராடுபவர் வந்தால் நகர்ந்துகொள்வோம்.

கேட்பது முன்பு சொன்ன அந்த ஒரு வரிதான். மார்கழி பிறப்பதற்குள், பனி குளத்தின் மேல் இறங்கும் அந்த நாள்கள் வருவதற்குள், அதைத் தந்து உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். தடைப் பலகையின் அடியில் நான்கு விரற்கடை இடம் காலியாக இருக்கிறது. எழுத ஆள் இல்லையென்றால் சொல்லி அனுப்புங்கள், நாங்களே வந்து எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியர்