தாழிகளோடு எலும்புகளையும் காப்பாற்றக் கோரி ஆட்சியருக்கு மனு

அனுப்புநர்:
கிராமப் பொதுமக்கள்,
பண்ருட்டி வட்டம், கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கடலூர்.

பொருள்: செம்மண் எடுக்கும் இடத்தில் வெளிப்பட்ட முதுமக்கள் தாழிகளையும் அவற்றிலுள்ள மனித எலும்புகளையும் பாதுகாக்க வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

எங்கள் ஊருக்கு மேற்கே முந்திரித் தோப்பை ஒட்டிய மேட்டில் செம்மண் எடுக்க அனுமதி தரப்பட்டு, ஐப்பசி மழை தொடங்கும்வரை ஜேசிபி ஓடியது. ஓர் ஆள் ஆழம் தோண்டியதும் வட்ட வட்டமாகத் தாழிகளின் வாய் தெரிந்தது. வேலையை யாரும் நிறுத்தவில்லை. தங்கம் இருக்குமோ என்று சிலர் கடப்பாரையால் உடைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்றதும் உள்ளேயிருந்த மண்ணையும் எலும்பையும் வரப்போரம் கொட்டிவிட்டார்கள். கறுப்பு சிவப்பு ஓடுகளைப் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு போனார்கள். எலும்பைத் தொட ஆளில்லை. கடைவாய்ப் பற்களோடு ஒரு கீழ்த்தாடை இன்னமும் அங்கே கிடக்கிறது. பற்களின் மேல்பக்கம் தேய்ந்து மட்டமாக இருக்கிறது.

கல்லில் அரைத்த தானியத்தோடு கல்பொடியும் சேர்ந்து வாய்க்குள் போனால் பல் அப்படித் தேயும். பல்லின் எனாமலில் குறுக்குவரி இருந்தால் சிறுவயதில் பசியோ கடும் நோயோ வந்திருக்கிறது என்று பொருள். அதே எனாமலில் உள்ள ஸ்ட்ரோன்சியம் என்ற தனிமத்தை ஆராய்ந்தால் அந்த ஆள் இந்த மண்ணில் வளர்ந்தவரா, வெளியிலிருந்து வந்தவரா என்று ஊகிக்கலாம். ஆணா பெண்ணா என்பதை இடுப்பெலும்பு காட்டும். உள்காதைச் சுற்றிய கெட்டி எலும்பில் மரபணு தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். நம்மூர் வெக்கையில் எலும்பு மிஞ்சுவதே அபூர்வம். அதையும் வெயிலில் போட்டு, வெறுங்கையால் எடுத்து, குழாயடியில் கழுவினால் அப்புறம் ஆய்வுக்கு என்ன இருக்கும்?

கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளைக் கொண்டு இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் முகங்களையே கணினியில் வடித்துக் காட்டினார்கள். 2025-இல் பத்திரிகைகளில் வந்தது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தாழி ஒன்றிலிருந்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று தெரியவந்தது. தாழிக்குள் இருந்த மண்ணோடு கிடைத்தது அது. நம் மாவட்டத்திலும் மருங்கூரில் 2024-இல் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. அது எங்கள் வட்டத்திலேயே இருக்கும் ஊர்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். எலும்புக்கு யார் விலை போடுவார்கள்? அதனால் அது யார் கணக்கிலும் வருவதில்லை. 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தில் பழைய புதைவிடமும் தொன்மைச் சின்னம்தான். ஆனால் சுற்றிலும் 100 மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது என்பதெல்லாம் அறிவிக்கப்பட்ட இடங்களுக்கு மட்டும். எங்கள் மேடு எந்தப் பட்டியலிலும் இல்லை. 1966-ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின்கீழ் அரசே இதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கலாம். அதற்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டுகிறோம்.

அறிவிப்பு வர நாளாகும், தெரியும். ஆகவே இப்போதைக்கு அந்தப் புல எண்ணில் மண் எடுக்கும் அனுமதியை நிறுத்திவைத்து, தொல்லியல் அலுவலர் வந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். உடையாத தாழிகளை உள்ளிருக்கும் மண்ணோடு அப்படியே எடுக்க வேண்டும். வரப்போரம் கிடக்கும் எலும்புகளையும் சேர்த்து முறையாகப் பொதிந்து, ஆய்வுக்குப் போகும்வரை கடலூர் அரசு அருங்காட்சியகத்தில் வைக்கலாம். இனி எங்கே தாழி வெளிப்பட்டாலும் வேலையை அன்றே நிறுத்தித் தகவல் தர வேண்டும் என்று கிராம நிர்வாக அலுவலர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் பக்கத்து ஊர்களும் பிழைக்கும்.

கற்பூரம் ஏற்றி அங்கேயே புதைத்துவிடலாம் என்கிறார்கள் எங்கள் ஊர்ப் பெரியவர்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆய்வுக்குத் தேவையான சிறு பகுதி போக மற்றதை என்ன செய்வது என்பதை ஊராரையும் கலந்து முடிவு செய்யுங்கள். கண்ணாடிப் பெட்டியில் வேடிக்கைப் பொருளாக மட்டும் வைக்க வேண்டாம்.

தை பிறந்ததும் வேலை மறுபடி தொடங்கும் என்று மண் எடுப்பவர்கள் சொல்கிறார்கள். அதற்கு முன்பே உத்தரவு பிறப்பிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிராமப் பொதுமக்கள்.

இடம்: கடலூர்
இணைப்பு: புகைப்படங்கள், ஊரார் கையொப்பங்கள்