மைதானத்தைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில், வெயில் காலத்தில் வெளியில் ஓடியாடி உடம்பைப் பேணுவது பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். நல்ல நோக்கத்தோடுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வெளியில் விளையாட மனமில்லை" என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்ததே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை. திருகோணமலைக்கு வந்து பார்த்துவிட்டா எழுதினார்கள்?

என் பேரனுக்கு மனமில்லாமல் இல்லை. ஒழுங்கையில் பந்தடித்தால் அயலில் ஏச்சு, மைதானத்துக்குப் போனால் கேற்றில் பூட்டு, திறப்பு யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கு ஆள் கையைக் காட்டுகிறார்கள். இசை நிகழ்ச்சிக்கு வாடகைக்கு விடும்போது மட்டும் அது திறக்கும், அடுத்த நாள் புல்லுக்குள் ஆணியும் போத்தல் துண்டும் கிடக்கும். பள்ளிக்கூடத்திலாவது விளையாடுவான் என்றால் பரீட்சை நெருங்கியதும் உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்கு எடுத்துவிடுகிறார்கள், பின்னேரம் ரியூசன், சனி ஞாயிறும் ரியூசன். பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடலசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த ஒரு மணித்தியாலத்தை நாங்கள் எங்கே போய் எடுப்பது?

காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு குடும்பமாக ஓடப் போங்கள் என்றும் அதே கட்டுரையில் இருந்தது. குளிர் நாட்டுக்கு அது சரி. இங்கே சூரியன் கடலில் இருந்தே ஏறுகிறது, எட்டு மணிக்கெல்லாம் மணல் சுடத் தொடங்கிவிடும். ஆனி ஆடியில் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வேறு அனலாக அடிக்கும். பத்து மணி தொடக்கம் நாலு மணி வரை பிள்ளைகளை வெயிலில் ஓட விடக்கூடாது. எங்களுக்கு வாய்த்தது விடியற்காலையும் பொழுது சாய்கிற நேரமும்தான். ஆனால் அந்த நேரத்தில் இந்த ஊரைப் போல ஓர் ஊர் கிடையாது, இதை நான் எங்கேயும் சொல்வேன். மார்கழியில் கொந்தளிக்கிற கடல் இந்த மாதங்களில் குளம் மாதிரிக் கிடக்கும். டச்சுக்குடாக் கடற்கரையில் விடிய முன்னமே சனம் குளிக்க வந்துவிடும். ஈர மணலில் ஓடிப் பிடித்து விளையாடலாம், நடந்தாலே தார் ரோட்டை விடக் காலுக்கு வேலை கூட. பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்களைப் பார்த்துக்கொண்டு கோணேசர் கோயில் வரை ஏறினால் மூச்சு வாங்கும், அதைவிட என்ன உடற்பயிற்சி வேண்டும்? நாங்கள் சிறுவயதில் நிலா வெளிச்சத்தில் கிளித்தட்டு மறித்தோம், அதற்குத் தேவைப்பட்டது ஒரு திறந்த வெளி மட்டும்.

அப்புறம் பெண்கள் விஷயம். எனக்குச் சீனி வருத்தம், நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னார். கடற்கரையில் இருட்டோடு போனால் நாய்கள், பின்னேரம் போனால் குடித்துவிட்டு இருப்பவர்கள். குளித்துவிட்டு உடுப்பு மாற்ற மறைவான ஓர் இடம் இல்லை. இதைப் பற்றி நான் முன்பும் உங்களுக்கு எழுதினேன், நீங்கள் பிரசுரிக்கவில்லை. இடப்பற்றாக்குறையாக இருந்திருக்கலாம், அதற்காக நான் கோபிக்கவில்லை, ஆனால் மனம் நொந்தது உண்மை.

இப்போது கேட்பதெல்லாம் இவ்வளவுதான். எங்கள் பகுதி மைதானத்தைக் காலை 5.30 முதல் 8 வரையும், பின்னேரம் 4.30 முதல் 7 வரையும் திறந்து விடச் சொல்லி, பொறுப்பானவர்கள் கண்ணில் படும்படி இந்தக் கடிதத்தைப் போடுங்கள். உள்ளே குடிதண்ணீர்ப் பைப் ஒன்று வேண்டும், பிள்ளைகள் தாகத்தோடு வீட்டுக்கு ஓடி வருகிறார்கள். முடிந்தால் அந்தக் கட்டுரையாளரிடம் சொல்லி, அடுத்த இதழில் பிள்ளைகளைப் பற்றி எழுதிய அந்த ஒரு வரியையும் திருத்தி விடுங்கள்.

இப்படிக்கு,
உவர்மலை வாசகி,
திருகோணமலை.