'டா வின்சி கோட்' நாவலை நூலகத்திலிருந்து எடுக்கச் சொன்ன பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நேரடியாக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் மேல்நிலை வகுப்பு நூலகத்தில் டேன் பிரவுன் எழுதிய 'டா வின்சி கோட்' நாவல் இருக்கிறது, பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் கை மாற்றிக் கை மாற்றிப் படிக்கிறார்கள், இயேசு கல்யாணம் செய்துகொண்டார், பிள்ளை பெற்றார் என்று சொல்லும் புத்தகத்துக்குக் கிறிஸ்தவப் பள்ளியில் என்ன வேலை, உடனே எடுங்கள் என்று உங்களில் சிலர் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறீர்கள். கடிதத்தை ஒன்றுக்கு இரண்டு தடவை படித்தேன். உங்கள் மனவருத்தம் எனக்குப் புரிகிறது. இயேசுவை ஆண்டவர் என்று அறிக்கையிடுகிறவர்களில் நானும் ஒருவர், அவரைப் பற்றி யாராவது வாய்க்கு வந்தபடி எழுதினால் எனக்கும் வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் அந்தப் புத்தகத்தை எடுக்கப் போவதில்லை. காரணத்தை விளக்கமாகச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தடை போட்டுப் பார்த்தாகிவிட்டது என்பதை முதலில் சொல்கிறேன். நாவல் 2003இல் வந்தது, படம் 2006 மே மாதம் வந்தது. நம் நாட்டுத் தணிக்கைக் குழு 'ஏ' சான்றிதழ் கொடுத்து, இது கற்பனை என்று திரையில் அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதித்தது. அப்படியிருந்தும் பல மாநிலங்கள் தடை விதித்தன, தமிழ்நாடும் விதித்தது. ஜூலை மாதமே சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்துவிட்டது. தடை என்று செய்தித்தாளில் வந்த பிறகுதான் நம் சபை மக்கள் பலருக்கு அப்படி ஒரு புத்தகம் இருப்பதே தெரிந்தது. இன்றைக்கு அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தால், அன்று சாயங்காலமே பிள்ளை அதைவிட மோசமான ஒரு யூடியூப் வீடியோவில் அதே கதையைக் கேட்டுவிடுவான். அதோடு, "பெரியவர்கள் எதையோ மறைக்கிறார்கள்" என்பதுதான் அந்த நாவலின் கதையே. நாம் மறைத்தால் கதை உண்மை என்று நாமே சாட்சி சொன்னது போல ஆகிவிடும்.

சரி, மறைக்காமல் எடுத்து வைத்துப் படித்தால் என்ன ஆகிறது? நாவலின் முதல் பக்கத்திலேயே "உண்மை" என்று தலைப்புப் போட்டு, 'சியோன் மடம்' (ஆங்கிலத்தில் 'பிரையரி ஆஃப் சியோன்', சுருக்கமாகப் பி, எஸ்) என்ற இரகசியச் சங்கம் 1099இல் தொடங்கியது, அதன் ஆவணங்கள் பாரீஸ் தேசிய நூலகத்தில் கிடைத்தன, லியோனார்டோ டா வின்சி அதில் உறுப்பினர் என்றெல்லாம் எழுதியிருக்கிறது. நடந்தது வேறு. பியேர் பிளாந்தார் என்ற பிரெஞ்சுக்காரர் 1956இல் பதிவு செய்த சங்கம் அது. தான் பழைய ராஜவம்சத்தின் வாரிசு என்று காட்டிக்கொள்வதற்காக அவரும் கூட்டாளிகளும் தாங்களே தயாரித்த தாள்களை அந்த நூலகத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். பிரெஞ்சுப் பத்திரிகையாளர்களும் ஆய்வாளர்களும் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். நாவலில் வரும் பாரீஸ் நகரத்துச் செயின்ட் சல்பீஸ் ஆலயத்தில், தரையில் ஓடும் பித்தளைக் கோட்டைத் தேடி உலகமெங்கிருந்தும் ஆட்கள் வந்து குவிய, ஆலயத்தார் யாரையும் விரட்டவில்லை. ஓர் அறிவிப்புத் தாள் எழுதி ஒட்டினார்கள். இது புறச்சமயக் கோயிலின் மிச்சம் இல்லை, ஜன்னலில் தெரியும் பி, எஸ் என்ற எழுத்துகள் ஆலயத்தின் புனிதர்களான பேதுருவையும் சல்பீசையும் குறிப்பவை, கற்பனைச் சங்கம் எதையும் குறிப்பவை அல்ல என்று. அந்தக் கோடு 18ஆம் நூற்றாண்டில் சூரியன் நகர்வதை அளக்கப் போட்டது, ஈஸ்டர் தேதியைக் கணிக்க அது உதவியது. எனக்கு மிகவும் பிடித்த கிறிஸ்தவப் பதில் அதுதான். கோபம் இல்லை, சாபம் இல்லை, வந்தவருக்கு ஒரு விளக்கம்.

நம் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது நிசேயா சங்கத்தைப் பற்றி, அதாவது அந்தக் காலத்துப் பேராயர்கள் கூடிய மாநாட்டைப் பற்றி. "கான்ஸ்டன்டைன் ராஜா ஓட்டெடுப்பு நடத்தித்தான் இயேசுவைக் கடவுள் ஆக்கினாராமே, அதுவரைக்கும் அவர் வெறும் மனிதர்தானாமே?" இது நாவலில் வருகிற வசனம்தான், இப்போது வாட்ஸ்அப்பில் தனியாகவும் சுற்றுகிறது. 325ஆம் ஆண்டு அந்தச் சங்கம் கூடியது உண்மை, கூட்டியது ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் என்பதும் உண்மை. ஆனால் அங்கே சண்டை வேறு. ஆரியு என்ற மூப்பர், குமாரன் பிதாவால் படைக்கப்பட்டவர், பிதாவுக்குச் சமமானவர் அல்ல என்று போதித்தார். இயேசுவை வணங்கலாமா கூடாதா என்பது விவாதமே இல்லை. இரண்டு தரப்பும் அவரை வணங்கிக்கொண்டுதான் இருந்தது. சுமார் 300 பேராயர்கள் கூடிய இடத்தில் கடைசிவரை கையெழுத்துப் போட மறுத்தவர்கள் இரண்டே பேர், இதை நாவல் நெருக்கமான ஓட்டெடுப்பு என்கிறது. ஞாயிறுதோறும் நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லும் நிசேயா விசுவாசப் பிரமாணத்தின் கதை இது, 2025இல் அதற்கு 1700 வருடம் நிறைந்தது, ஆனாலும் எத்தனை பிள்ளைகளுக்கு நாம் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்?

நிசேயாவுக்கு இருநூறு வருடங்களுக்கு முன்பே, சுமார் 112ஆம் ஆண்டில், இன்றைய துருக்கியில் இருந்த பித்தினியாவை ஆண்ட ரோம ஆளுநர் பிளினி, இந்தக் கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று கேட்டுத் திராயான் பேரரசருக்கு ஒரு கடிதம் எழுதினார். குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்று அதில் இருக்கிறது. எழுதியவர் கிறிஸ்தவர் அல்ல, அவர்களைத் தண்டித்தவர்.

இன்னொன்று, ஆசிரியர் என்ற முறையில் என்னை விட்டு அகலாதது. ரோமாபுரியில் பாலத்தீன் குன்றில் 1857இல் ஒரு கட்டடத்தின் சுவர்ப்பூச்சில் கீறிய கிறுக்கல் ஒன்று கிடைத்தது. அரண்மனை ஏவல் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்த இடம் அது என்று கருதுகிறார்கள், ஒருவிதத்தில் பள்ளிக்கூடம்தான். சிலுவையில் ஓர் உருவம், அதற்குக் கழுதைத் தலை, கீழே ஒரு பையன் கையை உயர்த்தி நிற்கிறான், பக்கத்தில் கோணல்மாணலான கிரேக்க எழுத்தில் "அலெக்சாமெனோஸ் தன் தெய்வத்தை வணங்குகிறான்". ஏறக்குறைய 200ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பார்கள். கூடப் படித்தவனை எவனோ கேலி செய்து கீறியிருக்கிறான் என்றுதான் தோன்றுகிறது. அடுத்த அறையில் வேறொரு கையெழுத்தில், "அலெக்சாமெனோஸ் விசுவாசமுள்ளவன்" என்று இருக்கிறது. கான்ஸ்டன்டைன் பிறப்பதற்கு வெகு முன்னமே சிலுவையில் அறையப்பட்டவரைக் கடவுளாக வணங்கியதற்காக ஒரு பையன் கேலி வாங்கியிருக்கிறான். பன்னிரண்டாம் வகுப்பில் இந்தப் படத்தைக் காட்டியபோது கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

மகதலேனா மரியாள் விஷயத்துக்கு வருவோம். அவர் இயேசுவின் மனைவி என்பதற்கு நாவல் காட்டும் பெரிய ஆதாரம் 'பிலிப்பு சுவிசேஷம்'. 1945இல் எகிப்தில் நாக் ஹம்மாடி என்ற ஊர்ப் பக்கம் ஒரு ஜாடிக்குள் கிடைத்த காப்டிக் (பழைய எகிப்தியக் கிறிஸ்தவர்களின்) மொழிச் சுவடிகளில் அதுவும் ஒன்று. எழுதப்பட்டது பெரும்பாலும் 3ஆம் நூற்றாண்டு, அதாவது இயேசுவுக்கு இருநூறு வருடம் பிந்தியது. அவர் மரியாளை முத்தமிட்டார் என்ற வரியில், எங்கே முத்தமிட்டார் என்று இருக்க வேண்டிய இடத்தில் சுவடி சிதைந்து ஓட்டையாக இருக்கிறது. உதடு என்று நிரப்பியவர்கள் பிற்காலத்தவர்கள். வார்த்தை அங்கே இல்லை. ஒரு ஓட்டையின் மேல் எவ்வளவு பெரிய கதை கட்டியிருக்கிறார்கள் பாருங்கள்.

ஆனால் ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். மரியாளுக்குச் சபை அநியாயம் செய்தது என்று நாவல் சொல்வதில் உண்மை இருக்கிறது. அவர் விலைமகள் என்று வேதாகமத்தில் எங்கேயும் இல்லை. ஏழு பிசாசுகள் நீங்கினவர் என்று லூக்கா சொல்கிறார், உயிர்த்தெழுந்த ஆண்டவரை முதலில் கண்டவர் என்று யோவான் சொல்கிறார். மூன்று வெவ்வேறு பெண்களை ஒரே ஆளாகச் சேர்த்துப் பாவியாக்கியது 591இல் போப் கிரெகொரி செய்த பிரசங்கம், அதை ஆயிரம் வருடத்துக்கு மேல் மேற்கத்தியச் சபை திருப்பித் திருப்பிச் சொன்னது. நம் ஊர்ப் பிரசங்கங்களில் இன்றும் கேட்கலாம். 2016இல்தான் போப் பிரான்சிஸ் அவருடைய நினைவுநாளை அப்போஸ்தலர்களின் திருநாளுக்கு இணையாக உயர்த்தினார். இதை நாம் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லியிருந்தால், ஒரு நாவல் வந்து சொல்லும்போது அவர்களுக்கு அதிர்ச்சியாக இருந்திருக்காது.

அதேபோல புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களின் பட்டியல் ஒரே நாளில் வானத்திலிருந்து இறங்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். நான்கு சுவிசேஷங்கள்தான் என்று சுமார் 180இல் பேராயர் ஐரேனியு எழுதிவிட்டார், ஆனால் எபிரெயர், வெளிப்படுத்தல் போன்றவற்றைப் பற்றி நெடுநாள் பேச்சு நடந்தது, இன்றைக்கு நம் கையில் இருக்கும் அதே 27ஐயும் 367இல் பேராயர் அத்தனாசியுவின் கடிதத்தில் பார்க்கிறோம். நிசேயா சங்கம் இதைத் தீர்மானிக்கவே இல்லை.

பழைய தாள் என்றாலே நம்பிவிடக் கூடாது என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். 2012 செப்டம்பரில் ஹார்வர்டு பேராசிரியர் கேரன் கிங் ரோமில் ஒரு பப்பைரஸ் (பழங்கால நாணல் தாள்) துண்டைக் காட்டினார், நான்கு சென்டிமீட்டருக்கு எட்டு சென்டிமீட்டர், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். "இயேசு அவர்களிடம், என் மனைவி" என்று அதில் ஒரு வரி. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. ஆய்வுக்கூடச் சோதனையில் தாள் பழையதுதான் என்று வந்தது. ஆனால் அதில் இருந்த வரிகள் வேதாகமத்தில் சேராத பழைய நூலான 'தோமா சுவிசேஷ'த்திலிருந்து துண்டு துண்டாக எடுத்தவை, அதுவும் இணையத்தில் இருந்த ஒரு பதிப்பிலிருந்து, அந்தப் பதிப்பில் விழுந்திருந்த தட்டச்சுப் பிழையோடு சேர்த்து. பரீட்சைத் தாளில் இரண்டு பேர் சரியான விடை எழுதினால் சந்தேகப்பட மாட்டோம், ஒரே தப்பை எழுதினால்தான் கூப்பிட்டு விசாரிப்போம் இல்லையா, அதே வேலைதான். 2016இல் ஒரு பத்திரிகையாளர் அந்தத் துண்டு வந்த வழியைத் தேடிப் போய் எழுதிய பிறகு, அது போலியாகத்தான் இருக்க வேண்டும் என்று கிங் அவர்களே ஒப்புக்கொண்டார். அறிவிப்பு வந்தபோது பெரிய எழுத்தில் போட்டவர்கள், இதைச் சின்ன எழுத்தில் போட்டார்கள்.

நம் நாட்டுக் கதையும் ஒன்று உண்டு. இயேசு இளவயதில் இந்தியாவுக்கு வந்து படித்தார், லடாக்கில் ஹெமிஸ் மடத்தில் ஆதாரம் இருக்கிறது என்று. இதைச் சொன்னவர் நிகோலாய் நோட்டோவிச் என்ற ரஷ்யர், 1894இல் பிரெஞ்சு மொழியில் புத்தகம் போட்டார். அடுத்த வருடமே ஆக்ரா அரசுக் கல்லூரிப் பேராசிரியர் ஆர்ச்சிபால்ட் டக்ளஸ் மலையேறிப் போய் அந்த மடத்துத் தலைமை லாமாவிடமே கேட்டார். அப்படி ஒரு சுவடி இல்லை என்று லாமா கைவிரித்துவிட்டார். பிற்காலத்தில் நாங்களும் பார்த்தோம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள், ஆனால் ஆராய்ச்சியாளர் கையில் இன்றுவரை அந்தச் சுவடி வந்ததில்லை. நோட்டோவிச்சை எதிர்த்து முதலில் எழுதியவர்களில் ஒருவர் மாக்ஸ் முல்லர், கீழைச் சமயங்களை நேசித்துப் படித்தவர். 'டா வின்சி கோட்' வந்தபோதும் அப்படித்தான், விசுவாசத்தை விட்டுவிட்டதாக வெளிப்படையாகச் சொல்லும் புதிய ஏற்பாட்டு அறிஞர் பார்ட் எர்மன்கூட 2004இல் அதன் வரலாற்றுப் பிழைகளைக் காட்டித் தனிப் புத்தகமே எழுதினார். உண்மையைப் பார்க்க ஒருவர் நம் பக்கத்து ஆளாக இருக்க வேண்டியதில்லை.

அதனால் உங்களிடம் நான் கேட்பது இதுதான். பிள்ளை வந்து, "அப்பா, இயேசுவுக்குக் கல்யாணம் ஆச்சாமே?" என்று கேட்டால், தயவுசெய்து வாயில் அடிக்காதீர்கள், "பிசாசு பேசுகிறான்" என்று சொல்லாதீர்கள். எங்கே படித்தாய், அதை எழுதினவருக்கு எப்படித் தெரியும், சம்பவம் நடந்து எத்தனை வருடம் கழித்து எழுதியது என்று திருப்பிக் கேளுங்கள். உங்களுக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லி, வேதபாட ஆசிரியரிடமோ என்னிடமோ அனுப்புங்கள். கேட்ட பிள்ளை சபையை விட்டுப் போனதை நான் அதிகம் பார்த்ததில்லை, கேட்க விடாமல் அடக்கப்பட்ட பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதும் சத்தமில்லாமல் விலகியதைத்தான் பார்த்திருக்கிறேன்.

மற்ற சமயத்துப் பெற்றோர் இதைப் படித்துவிட்டு, எங்களுக்கு இதில் என்ன என்று நினைக்க வேண்டாம். உங்கள் சமயத்தைப் பற்றியும் இப்படித்தான் பரபரப்பாக எழுதுகிறார்கள், அதை உங்கள் பிள்ளைகளும் என் பிள்ளைகளும் இதே பொறுமையோடுதான் சோதித்துப் பார்க்க வேண்டும், அதைப் பகிர்ந்து சிரிக்க இந்தப் பள்ளியில் இடம் கிடையாது.

நடைமுறை விஷயங்கள். நாவல் 11, 12ஆம் வகுப்புக்கு மட்டும் வழங்கப்படும், பெரியவர்களுக்கான சில பகுதிகள் இருப்பதால் கீழ் வகுப்புகளுக்குக் கிடையாது. உங்கள் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம் என்று நினைத்தால் டைரியில் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள், நூலகர் கொடுக்க மாட்டார். படத்தைப் பள்ளியில் திரையிட மாட்டோம். அதே அலமாரியில் பதில் சொல்லும் புத்தகங்களையும் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். வருகிற சனிக்கிழமை காலை 10 மணிக்கு மேல்நிலைக் கட்டட அரங்கில் வேதபாட ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் நானும் இருப்போம், கையெழுத்துப் போட்டவர்கள் கட்டாயம் வாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கேள்விகளை முன்கூட்டி எழுதி அலுவலகத்தில் கொடுத்தால் தேடிப் படித்துக்கொண்டு வர எங்களுக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்