கோப்பைகளில் பெயர்களைக் காப்பாற்றியவர்களுக்கு நன்றி

நம் பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்து அண்ணன்மார், அக்காமார், உடற்கல்வி ஆசிரியர், பாலிஷ் பட்டறைக்காரர், தச்சர் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தாரின் வணக்கம்.

எங்கள் தாத்தா பெயரில் உள்ள கபடிச் சுழற்கோப்பையோடு, அலமாரியில் கிடந்த பழைய கோப்பைகள் அத்தனையையும் சீர்செய்து தந்திருக்கிறீர்கள். மண்டபம், பாம்பன் கடலோரத்தில் கச்சான் காற்று அடித்தாலும் வாடைக்காற்று அடித்தாலும் உப்பு உள்ளே வந்துவிடும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பித்தளை சீக்கிரமே பச்சை பூத்துவிடும். ஆனாலும் பளபளப்பைவிடப் பெயர்தான் முக்கியம் என்று முதலிலேயே முடிவெடுத்தீர்களே, எங்கள் நன்றியில் பெரும்பங்கு அதற்குத்தான்.

மற்றப் பள்ளிகளுக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம். ஒவ்வோர் ஆண்டு விழாவுக்கும் தேய்த்துத் தேய்த்தே அணித்தலைவர்களின் பெயர்கள் மழுங்கியிருந்தன. கழுவுவதற்கு முன்பே மெல்லிய தாளை எழுத்தின்மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்து உரசிப் படியெடுத்தீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஆண்டுகள்கூடத் தாளில் தெரிந்தன. கிணற்றுத் தண்ணீர் உவர் என்பதால் குடிதண்ணீரை வெதுவெதுப்பாக்கி உப்பைக் கரைத்தீர்கள். பித்தளைக்குப் புளி போதும். ஆனால் உடனே அலசி, இடுக்கு ஈரமும் போகத் துடைக்க வேண்டும். புளிப்பு தங்கினால் பச்சை மறுபடி வரும்.

வெள்ளி முலாம் பூசியவற்றில் புளியோ சாம்பலோ படவே கூடாது. மரப்பீடத்தைக் கழற்றிவிட்டு, அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் 1 லிட்டர் சுடுநீருக்கு 1 மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து, கோப்பை அந்தத் தாளைத் தொடும்படி சில நிமிடம் வைத்தீர்கள். கருமை விலகியது. தேய்த்திருந்தால் முலாமும் சேர்ந்து போயிருக்கும்.

தச்சருக்குத் தனி நன்றி. பீடம் பிளந்ததற்குக் கரையான் காரணமல்ல, இரும்புத் திருகாணிதான் என்று கண்டு சொன்னவர் அவர். துருவேறிய இரும்பு பருத்து மரத்தைப் பிளக்கும். உப்பீரத்தில் பித்தளையோடு ஒட்டியிருந்தால் இன்னும் வேகமாகத் துருவேறும். இப்போது எல்லாம் பித்தளைத் திருகாணிகள்.

பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகளில் வாங்கிய புதுக் கோப்பைகளுக்கு உலர்ந்த துணி போதும்.

அலமாரியைத் தென்கடல் பார்த்த சன்னலோரத்திலிருந்து உள்சுவருக்கு மாற்றி, அரையடி உயர்த்தியும் வைத்திருக்கிறீர்கள். தட்டுகளில் ஈரத்தை உறிஞ்ச வைத்துள்ள நீல சிலிக்கா மணிகள் இளஞ்சிவப்பானால், சமையலுக்குப் புழங்காத சட்டியில் இளஞ்சூட்டில் காயவைத்தால் திரும்பவும் நீலமாகும். கோப்பைகளில் ரப்பர் பேண்டு மட்டும் போடாதீர்கள். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும்.

தாத்தா பெயர்க் கோப்பையை வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்று பெரிய மனதோடு சொன்னீர்கள். அது விளையாடும் பிள்ளைகள் கண்ணில் படும்படி பள்ளியிலேயே இருக்கட்டும். கோப்பையின் உடலில் இனி இடமில்லை. பீடத்தைச் சுற்றிச் சிறு தகடுகள் அடித்துப் பெயர் பொறிக்கும் செலவை ஆண்டுதோறும் நாங்களே ஏற்கிறோம். வெல்லும் அணி பதிவேட்டில் கையெழுத்திட்டு வாங்கி, அடுத்த போட்டிக்கு ஒரு மாதம் முன்பே திருப்பித் தந்தால் பொறிப்பவருக்கு அவகாசம் கிடைக்கும்.

இரண்டு கோப்பைகளில் பென்சிலால் உரசிப் படியெடுத்தும் எழுத்து சிக்கவில்லை. கோப்பையோடு எடுத்த பழைய அணிப் படம் யார் வீட்டிலாவது இருந்தால், உடற்கல்வி ஆசிரியரிடம் கொடுங்கள். படியெடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவார்.