கேட்பவரைக் கேட்கும் உனக்கு

அன்புத் தங்கைக்கு,

நாகப்பட்டினத்தில், பாதிக்கப்பட்டவர்களுக்கு மனநல ஆலோசனை தரும் கவுன்சலர்களுக்கு மேற்பார்வையாளராகப் பொறுப்பேற்றுவிட்டாய். "பாதிக்கப்பட்டவங்களை நான் பார்த்ததுகூட இல்லக்கா, ஆனா ராத்திரி தூக்கம் வரல" என்று போனில் சொன்னாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

பார்க்காததால்தான் அப்படிக் கனக்கிறது என்று நினைக்கிறேன். கவுன்சலருக்கு எதிரே ஒரு முகம் இருக்கிறது. வாரங்கள் போகப்போக அது கொஞ்சம் தெளிவதையும் அவர் பார்ப்பார். அவர் சொல்லி உனக்கு வந்து சேர்வது நடந்த கொடுமை மட்டும். மீதியை உன் மனமே வரைந்துகொள்கிறது.

சிகிச்சை அறையில் நடப்பது மேற்பார்வை அறையிலும் நிழலாடும் என்று ஹெரால்ட் செர்ல்ஸ் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1955-லேயே எழுதினார். பாதிக்கப்பட்டவரின் கையறுநிலை கவுன்சலரைத் தொற்றி, அவர் வழியாக உன்னிடம் வருகிறது. உடனே ஏதாவது தீர்வு சொல்லிவிடத் துடிப்பாய். அந்த நேரத்தில் பேச்சை நிறுத்தி, இந்தத் தவிப்பு யாருடையது என்று இருவருமாக யோசியுங்கள்.

இதைவிடக் கடினம் போக்சோ வழக்குகள், அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகள். "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று குழந்தை கெஞ்சியிருக்கும். ஆனால் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தகவல் கொடுத்தே ஆகவேண்டும். நம்பிக்கைத் துரோகம் செய்யச் சொல்கிறீர்களே என்று கவுன்சலர் உன்மேல் கோபப்படுவார். சட்டத்தைச் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடாதே. கோபத்தை வாங்கிக்கொள். அப்புறம், குழந்தையிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவரோடு உட்கார்ந்து பேசு. ரகசியத்துக்கு எல்லை உண்டு என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லவும் பழக்கு.

நம் ஊர் விஷயம் ஒன்று. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் வளர்ந்து கவுன்சலரான பெண்கள் பலர் 2004 சுனாமியின்போது குழந்தைகள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது சொந்த வீட்டுக் கூரையை இழந்தவர்களும் இருப்பார்கள். பேசுபவரும் கேட்பவரும் ஒரே தெரு. விலகி நின்று கேளுங்கள் என்ற பாடம் இங்கே ஓரளவுக்குத்தான் எடுபடும். டிசம்பரில் அவர்களுக்குக் கேஸ்களைக் குறைத்துக் கொடு. சொந்த இழப்பைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தாதே. தாமாகச் சொன்னால் கேள். ஆனால் சிகிச்சைக்கு வெளி ஆலோசகரிடம் அனுப்பு. வேலையை மதிப்பிடுகிற உன்னிடம் முழு மனதையும் திறக்க அவர்களால் முடியாது.

நீ பேசுவதையும் ஒருவர் கேட்க வேண்டும். அதற்கான செலவை நிறுவனத்தின் பட்ஜெட்டிலேயே எழுதி வாங்கு. "உங்களுக்கு எதுக்கு?" என்பார்கள், விடாதே. அதுவரை, பாதிக்கப்பட்டவர்களின் பெயரும் ஊரும் சொல்லாமல், என்னிடம் பேசு.

அன்புடன்,
தஞ்சாவூரிலிருந்து உன் அக்கா