நட்சத்திரம் போடாத வரி: சேலத்தில் இரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

ஏற்காட்டைத் தாண்டி நாகலூர்ப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அப்பா காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடத்துக்கு முன்னால் நெஞ்சுவலி வந்து, இதயத்து இரத்தக் குழாய் அடைபடாமல் விரித்து வைக்கிற ஸ்டென்ட் வைத்தார்கள். அதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை மலை இறங்கி, உங்களில் ஒருவரிடம் இரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறோம். எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றவர்கள் எல்லோரும் ‘அப்பாடா, நாம் இல்லை’ என்று இருந்துவிடுவீர்கள்.

போன தை மாதம் வந்த ரிப்போர்ட் இது. மொத்தக் கொலஸ்ட்ரால் 165. நல்ல கொழுப்பு என்று சொல்கிற எச்.டி.எல். 41. இரத்தத்தில் ஓடுகிற இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 130. கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 98. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எல்லை அச்சடித்திருந்தது. எல்.டி.எல்.லுக்கு ‘100-க்குக் கீழ்’. எல்லை தாண்டினால் நீங்கள் போடுகிற நட்சத்திரக் குறி ஒன்றுகூட அந்தத் தாளில் இல்லை. கவுன்டரில் இருந்த பெண்ணும் ஒரு பார்வை பார்த்துவிட்டு “எல்லாம் நார்மல்தான் தாத்தா” என்று சிரித்த முகத்தோடு கொடுத்துவிட்டாள். அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபமில்லை. தாளில் இருந்ததைத்தான் சொன்னாள்.

அப்பா அன்றைக்கு டாக்டரைப் பார்க்கவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து, “ஸ்டார் எதுவும் போடல கண்ணு, கொழுப்பு சரியாப் போச்சு” என்றார். அப்புறம் யாரிடமும் சொல்லாமல் கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டார். நோய் தீர்ந்தால் மருந்தை நிறுத்துவதுதானே உலக வழக்கம்?

நான்கு மாதம் கழித்து வேலி கட்டிக்கொண்டிருந்தவர் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். மறுபடி மலை இறங்கினோம். மறுபடி அதே நிலையம். இந்த முறை மொத்தம் 244, டிரைகிளிசரைடு 165, எல்.டி.எல். 171. மூன்றுக்கும் நட்சத்திரம். டாக்டர் பழைய தாளையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: “அந்த 98, மாத்திரை பிடித்து வைத்திருந்த 98. அதுவே இவருக்குப் போதாது. ஸ்டென்ட் வைத்தவருக்கு 70-க்குக் கீழே வேண்டும், முடிந்தால் 55-க்கும் கீழே.”

அதாவது நட்சத்திரமே இல்லாத அந்தத் தாளில், அப்பாவைப் பொறுத்தவரை நட்சத்திரம் போட்டிருக்க வேண்டிய வரி ஒன்று இருந்தது. நீங்கள் அச்சடிக்கிற எல்லை ஊருக்கெல்லாம் பொதுவானது. மாரடைப்பு வந்தவருக்கும் பக்கவாதம் வந்தவருக்கும் அந்த எல்லை கீழே இறங்கிவிடும். சர்க்கரை உள்ளவர்களில் பலருக்கும் அப்படித்தான். இது உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்ததனால்தான் தாளின் அடியில் பொடி எழுத்தில் ‘கைண்ட்லி கோரிலேட் கிளினிக்கலி’, அதாவது நோயாளியின் நிலையோடு சேர்த்துப் பாருங்கள் என்று, ஆங்கிலத்தில் அச்சடித்து வைத்திருக்கிறீர்கள். அதை யாருக்காக எழுதினீர்கள்? டாக்டருக்கு அது சொல்லாமலே தெரியும். அப்பாவுக்குச் சொன்னாலும் புரியாது.

ஆகவே நான் கேட்பது சின்ன விஷயம். கொழுப்பு ரிப்போர்ட்டோடு தமிழில் அரைப் பக்கம் சேர்த்துக் கொடுங்கள். இந்த எல்லை எல்லோருக்கும் ஒன்றல்ல, இதய நோய் இருந்தால் உங்கள் எல்லை வேறு, மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் எண் இறங்கியது மாத்திரையால், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். இவ்வளவுதான். ஆடிச் சலுகை, முழு உடல் பரிசோதனை பாதி விலை என்று ஐந்து ரோட்டில் பேனர் கட்டும்போது உங்களுக்குத் தமிழ் நன்றாகவே வருகிறது.

வெறும் வயிறு சமாச்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன். “எதுவும் சாப்பிடாம வாங்க” என்று போனில் சொன்னதை அப்பா தண்ணீரும் கூடாது என்று எடுத்துக்கொண்டார். முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டவர், விடியற்காலை பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவும் சுற்றி, அடிவாரத்தில் வாந்தி எடுத்து, ஒன்பது மணிக்கு உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தபோது நரம்பு கிடைக்கவில்லை. மூன்று இடத்தில் குத்தினார்கள். தண்ணீர் குடிக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கொழுப்புப் பரிசோதனைக்கு எல்லோரும் பட்டினியாக வரவேண்டிய கட்டாயமில்லை என்று 2016-லேயே ஐரோப்பிய நிபுணர்கள் கூடிச் சொல்லிவிட்டார்கள். சாப்பிட்டுவிட்டு வந்தால் டிரைகிளிசரைடு கொஞ்சம் ஏறித் தெரியும், எல்.டி.எல். பெரிதாக மாறாது. டிரைகிளிசரைடு மிக அதிகமாக வந்தால் மட்டும் பட்டினியோடு திரும்ப எடுத்தால் போதும். சர்க்கரையும் சேர்த்துப் பார்ப்பதென்றால் சரி, பட்டினி வேண்டும்தான். யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று டாக்டர் சீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாதா?

அப்பாவோடு வந்த இடத்தில் நானும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். எனக்கு எல்.டி.எல். சரியாக இருந்தது, டிரைகிளிசரைடு 212, நட்சத்திரத்தோடு. “எண்ணெயைக் குறைங்க அக்கா” என்று இலவச ஆலோசனையும் கிடைத்தது. நான் ஏற்கெனவே எண்ணெயைத் துளித்துளியாக ஊற்றுகிற ஆள். டாக்டர் கேட்ட கேள்வியே வேறு: மூன்று வேளையும் சோறா, காபிக்கு எத்தனை கரண்டி சர்க்கரை, ஜவ்வரிசி எவ்வளவு? டிரைகிளிசரைடை ஏற்றுவதில் மாவுச்சத்துக்கும் இனிப்புக்கும் பெரிய பங்கு உண்டாம், மதுவுக்கும்தான். சேலத்துக்காரியிடம் ஜவ்வரிசியைக் குறை என்றால் மனசு கஷ்டப்படும், ஆனால் அது முக்கால்வாசிக்கு மேல் வெறும் மாவு. சாயங்காலத் தட்டுவடை செட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கடையில் இன்னொரு கூத்து. கடலை எண்ணெய் பாக்கெட்டில் இதயம் படம் போட்டு ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்கிறான். செடியிலிருந்து வருகிற எந்த எண்ணெயில்தான் கொலஸ்ட்ரால் இருந்தது? ரேஷன் பாமாயிலிலும் கொலஸ்ட்ரால் இல்லை. ஆனால் அதில் பத்தில் நான்கு பங்கு நிறைவுற்ற கொழுப்பு, எல்.டி.எல்.லை ஏற்றுவது அதுதான். எங்கள் வீட்டுக் காபியும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. பொடியைப் பானையில் போட்டுக் கொதிக்கவைத்து இறுத்துக் குடிக்கும் காபி எல்.டி.எல்.லைக் கூட்டுமாம், காகித வடிகட்டியில் இறக்கினால் அது பெருமளவு நின்றுவிடுமாம். நாற்பது வருடம் காபித் தோட்டத்துக் கணக்கு எழுதியவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பாமாயிலை நிறுத்தியதற்கும், வாரத்தில் நான்கு நாள் கொள்ளும் பயறும் வைத்ததற்கும், கொல்லையில் காய்க்கிற பட்டர் ஃப்ரூட்டைச் சர்க்கரை போடாமல் கொடுத்ததற்கும் அவ்வளவாகக் கோபப்படவில்லை.

எங்கெங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். எண்ணெய்க்கும் ரேஷனுக்கும் நீங்கள் பொறுப்பில்லை. உங்கள் தாளுக்கு நீங்கள் பொறுப்பு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுக்க எடுத்த கணக்கு 2023-இல் வந்தது. பெரியவர்களில் நூற்றுக்கு 81 பேருக்கு ஏதாவது ஒரு கொழுப்பு அளவு சரியில்லை என்கிறது அது. அப்படியென்றால் உங்கள் கவுன்டரில் வரிசையில் நிற்கிறவர்களில் பெரும்பாலானோர் கையில் இப்படி ஒரு தாள் போகிறது. வைத்தியம் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை, அது உங்கள் வேலையுமில்லை. தமிழில் அரைப் பக்கம்தான் கேட்கிறேன். கூட ஒரு பத்து ரூபாய் வாங்கிக்கொள்ளுங்கள், தருகிறோம்.

எழுத ஆள் இல்லையென்றால் நான் எழுதித் தருகிறேன். உங்கள் மருத்துவர் ஒருமுறை பார்த்துத் திருத்தினால் போதும். மாத்திரையை மறுபடி தொடங்கிய பிறகு அப்பாவின் எல்.டி.எல். 84-க்கு வந்திருக்கிறது. டாக்டர் அளவைக் கூட்டியிருக்கிறார், இரண்டு மாதத்தில் திரும்பப் பார்க்கவேண்டும். வழக்கம்போல முதல் பஸ்ஸில் வருவோம். இந்த முறை தண்ணீர் குடித்துவிட்டு.

பணிவுடன்,
சேர்வராயன் மலையிலிருந்து ஒரு மகள்